பச்சைப் பட்டனை அழுத்தியதும் நிற்கிற மோட்டார்கள்

ஓடுகிற மோட்டாரைக் காட்டுவதற்காக யாரும் எந்த மெக்கானிக்கையும் கூப்பிடுவதில்லை. நின்றுபோனவற்றின் முன்னால் உட்கார்ந்தே எங்கள் ஆயுள் கழிகிறது. அதிலும் ஒரு வகை மோட்டார் உண்டு. பார்த்தால் நன்றாக இருக்கும், கையால் சுழற்றினால் சுழலும். பச்சைப் பட்டனை அழுத்தினால் உறுமிக்கொண்டு கிளம்பும். பத்து எண்ணுவதற்குள் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள்ளிருந்து 'டக்' என்று ஒரு சத்தம் வரும், நின்றுவிடும். அந்த 'டக்' ஓவர்லோடு ரிலே போடும் சத்தம். மோட்டார் தன் தகுதிக்கு மீறிக் கரண்ட் இழுத்தால், அது எரிந்துபோவதற்குள் வெட்டிவிடுவது அதன் வேலை. இதைப் படிப்பவர்களில் பாதிப் பேராவது அந்தப் பெட்டி முன் நின்று, ரீசெட்டை அழுத்தி அழுத்திக் கட்டைவிரல் வலித்தவர்களாக இருப்பீர்கள். உங்கள் கூட்டத்தில் இப்போது நானும் ஒருவன்.

நாற்பது வருடமாக வடசென்னையில் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் இந்த 'டக்'கைத் துரத்திக்கொண்டு போனவன் நான். யாரிடமும் போய்ப் படிக்கவில்லை. எரிந்த மோட்டார்களை எடைக்கு வாங்கி, பிரித்து, கம்பியைச் சுற்றுச் சுற்றாக எண்ணிக் கற்றுக்கொண்டேன். அப்படிப்பட்டவன் குடியிருக்கிற காம்பவுண்டில் மூன்று வாரமாக மோட்டார் 'டக்' என்று ட்ரிப் அடித்து நின்றுகொண்டிருந்தது.

எட்டு வீடுகள், கீழே ஒரு தொட்டி, இரண்டாம் மாடிக்கு மேல் ஒரு டேங்க், நடுவில் இந்த மோட்டார். யானைக்கவுனியில் ஆறு மாடிக் கட்டடம் ஒன்றை இடித்தபோது பம்போடு சேர்த்து நான் வாங்கி வந்தது. பத்தொன்பது வருடம் அதை ஓட்டியவள் என் மனைவி ஜெசிந்தா. தினமும் காலை ஐந்தரைக்கு. அவள் அடக்கம் முடிந்த மறுவாரம் அது நிற்க ஆரம்பித்தது. துக்கம் கொண்டாடுகிறது என்றார்கள் பெண்கள். நான் பேரிங் என்றேன். பேரிங் நன்றாகத்தான் இருந்தது.

ஒரு தடவை ட்ரிப் ஆவதற்குள் நாலு வாளித் தண்ணீர் மேலே போகும், அவ்வளவுதான். மிச்சத்தைப் பெண்கள் தொட்டியிலிருந்து இறைத்து மாடிக்குச் சுமந்தார்கள். மூன்றாம் வாரம் காம்பவுண்டு கூடிப் பேசியது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் இரண்டாம் பூசை முடிவதற்குள் சரியாகவில்லை என்றால் புது மோட்டார். பழையது இரும்புக் கடைக்கு. எதிர் வீட்டு ஃபிரான்சிஸ்தான் அதைச் சொன்னான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவன், என் வயசுக்காரன். அவன் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அந்த ஸ்டார்ட்டரின் பச்சைப் பட்டனில் ஓரிடத்தில் நிறம் தேய்ந்து வெளுத்திருக்கும். அது ஜெசிந்தாவின் கட்டைவிரல் அளவு.

ஞாயிறுக்கு ஆறு நாள் இருந்தது. ஒவ்வொரு சந்தேகமாக எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றைத் தொடும்போதும் பழைய இடம் ஒன்று ஞாபகத்துக்கு வந்தது.

டீ குடிக்கப் போனவன்

திங்கட்கிழமை மூன்று லைனையும் சோதித்தேன். மோட்டாருக்கு மூன்று லைனில் கரண்ட் வரவேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் கிளம்ப முடியாமல் முனகும். அந்த முனகலை முதலில் கேட்டது திருவொற்றியூரில், தனலட்சுமியம்மாளின் மாவு மில்லில். நான் போனபோது அந்தம்மாள் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு மோட்டாரைத் திட்டிக்கொண்டிருந்தார். உள்ளே எங்கும் மிளகாய்த் தூளும் அரிசி மாவும் மிதந்தன. கூரை ஓட்டையில் விழுந்த வெயிலில் அந்தத் தூள் மெல்ல ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது. வெளியே தூக்குச் சட்டிகளோடு வரிசை நின்றது.

ஃப்யூஸ் கட்டையைக் கழற்றினேன். கடல் காற்று பட்டுப் பச்சை பூத்து, ஒரு கம்பி பொடிப்பொடியாகக் கொட்டியது. அந்தம்மாளுக்குப் புரிய வேண்டுமே என்று, "மூன்று பேர் தூக்க வேண்டிய பல்லக்கும்மா இது, ஒருத்தன் டீ குடிக்கப் போய்ட்டான், ரெண்டு பேரால தூக்க முடியல" என்றேன். அவர் வரிசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "அந்த டீக்கட எங்க கீதுன்னு மட்டும் காட்டு. அவன் காத புடிச்சி நானே இட்டாறேன்."

எங்கள் காம்பவுண்டில் மூன்று பேரும் இருந்தார்கள். மூன்று லைனிலும் ஒரே அளவு கரண்ட். ஆனால் மூன்றிலும் அதிகம்.

நின்றுபோன தொந்தரவு

அதிகம் என்று ஃபிரான்சிஸிடம் சொல்லியிருக்கக் கூடாது. "ரிலேல ஒரு திருகு கீதாமே மாமு. அத்த கொஞ்சம் ஏத்தி வெச்சா அடிக்காதாமே" என்றான். திருகு இருப்பது உண்மைதான். எத்தனை ஆம்பியரில் வெட்ட வேண்டும் என்று அதில்தான் வைப்போம். இந்தத் தொழிலில் பிழைக்கிறவர்கள் பாதிப்பேர் அந்தத் திருகால்தான் பிழைக்கிறோம். நாங்கள் திருகுவதால் அல்ல, மற்றவர்கள் திருகுவதால்.

எண்ணூரில் ஒரு பட்டறையில் காற்று அடிக்கிற கம்ப்ரெசர். சூப்பர்வைசர் பாஸ்கர் நல்ல பையன், நெற்றியில் எப்போதும் சந்தனம். அதன் டேங்கில் பழைய காற்று அழுத்திக்கொண்டிருக்கும்போதே மோட்டாரைக் கிளப்பினால் ரிலே வெட்டத்தான் வெட்டும். காற்றை வெளியேற்றிவிட்டுக் கிளப்பு என்று சொல்லிவிட்டு வந்தேன். அதற்குப் பொறுமை இல்லாமல் பாஸ்கர் திருகைக் கடைசி எண் வரைக்கும் கொண்டுபோய் வைத்துவிட்டார். இரண்டாவது வாரம் போன் வந்தது. நான் போய் இறங்கும்போதே கேட்டுக்கு வெளியே வாசனை. மோட்டாரின் காயில் கம்பி எரிந்த வாசனை ஒருதரம் மூக்கில் ஏறினால் மூன்று நாளைக்குச் சோற்றிலும் அதுதான் வரும். மூடியைக் கழற்றினேன். சிவப்பாக இருக்க வேண்டிய செம்புக் கம்பி கரி. பாஸ்கர் என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, நிதானமாகச் சொன்னார்: "ஆனா ஒண்ணு சொல்லணும் சார், அதுக்கப்புறம் ஒரு தபா கூட ட்ரிப் ஆவல."

ஃபிரான்சிஸிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. நான்கு வீட்டுப் பெண்கள் குடத்தோடு ஏறிக்கொண்டிருந்தார்கள், அவன் மகளும் அதில் ஒருத்தி.

வாட்ச்மேனின் குடை

புதன்கிழமை ஸ்டார்ட்டர் பெட்டி இருக்கும் இடத்தைப் பார்த்தேன். ரிலேக்குள்ளே இருப்பது சூட்டில் வளைகிற தகடு. கரண்ட் அதிகமானால் சூடாகி வளையும், வெட்டும். அந்தச் சூடு கரண்டால் வந்ததா வெயிலால் வந்ததா என்று தகட்டுக்குத் தெரியாது. காசிமேட்டில் விசைப்படகுகளைக் கரைக்கு இழுத்துப் பழுதுபார்க்கிற யார்டில், இழுவை மோட்டார் காலையில் ஒழுங்காகக் கிளம்பும், மதியம் மூன்று மணிக்குக் கிளம்பாது. இரண்டு நாள் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பாதி தூரம் இழுத்த படகு ஒன்று மேற்கே சாய்ந்து நின்றது. அதன் நிழல் மெல்ல மெல்ல நகர்ந்து ஸ்டார்ட்டர் பெட்டியைத் தாண்டிப் போனதும், தகரப் பெட்டி தோசைக்கல்லாக மாறியது. அவ்வளவுதான் கோளாறு.

கூரை போடுகிற வரைக்கும் ஏதாவது மறைப்பு வையுங்கள் என்றேன். மறுநாள் போனால், வாட்ச்மேன் தன் குடையைப் பெட்டிக்கு மேல் கட்டிவிட்டு மொட்டை வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எழுபது வயசு இருக்கும். என்னய்யா இது என்றேன். தலையில் ஈரத் துண்டைத் தட்டிப் போட்டுக்கொண்டு சொன்னார்: "நான் வெயில்ல ட்ரிப் ஆவ மாட்டேன் சார். அது ஆவுது."

எங்கள் ஸ்டார்ட்டர் படிக்கட்டுக்கு அடியில் இருக்கிறது. அங்கே வெயில் எட்டிப் பார்த்ததே இல்லை. ஜெசிந்தா அங்கே ஒரு மாதா படம் மாட்டியிருந்தாள். அந்தப் படம்கூட நிறம் மங்கவில்லை.

வெள்ளிக்கிழமைக் கோளாறு

மோட்டாரிலிருந்து பம்பைத் தனியாகக் கழற்றினேன். மோட்டார் மட்டும் ஓடியது, பூப்போல. அப்படியானால் கோளாறு சுமையில். பம்பைப் பிரித்தேன். உள்ளே சக்கரம் சுத்தமாக இருந்தது, விரலால் தள்ளினாலே சுற்றியது. குழாயில் அடைப்பிருக்குமோ என்று பார்த்தேன். வால்வு கடைசி வரைக்கும் திறந்திருந்தது. நல்லது என்று நினைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பூட்டினேன். பட்டனை அழுத்தினேன். பத்து எண்ணுவதற்குள் 'டக்'. காம்பவுண்டைச் சுற்றி வந்து வீடு வீடாகக் கேட்டேன், யாராவது மோட்டாரைத் தொட்டீர்களா என்று. யாரும் தொடவில்லை. ஃபிரான்சிஸும் மாதாமேல் ஆணையாகத் தொடவில்லை என்றான்.

சுமை என்றதும் ஏழுமலையின் ஐஸ் உடைக்கிற மெஷின்தான் நினைவுக்கு வரும். அவரும் காசிமேட்டுக்காரர். வாரத்தில் ஆறு நாள் ஓடும், வெள்ளிக்கிழமை காலையில் மட்டும் ட்ரிப். இரண்டு வெள்ளி நான் போய்ச் சேரும்போது ஓட ஆரம்பித்திருந்தது. மூன்றாவது வெள்ளி விடியும்போதே போய் ஓரமாக நின்றேன். ஐஸ் அறைக் கதவைத் திறந்ததும் வெள்ளைப் புகை தரையோடு தவழ்ந்து வந்து எங்கள் முழங்கால் வரை மூடியது. ஆட்கள் இடுப்புக்கு மேல் மட்டும் நடந்து போனார்கள். அந்தப் புகைக்குள் ஒரு முழு ஐஸ் பாரைத் தூக்கிவந்து மெஷின் வாயில் வைத்தார்கள். அதற்குச் சந்தனம், குங்குமம். மேலே வெற்றிலை வைத்துக் கற்பூரம். ஐஸ் மேல் நெருப்பு எரிவதை நான் அன்றுதான் பார்த்தேன். ஏழுமலை கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டுப் பட்டனை அழுத்தினார். மெஷினின் பல்லெல்லாம் பாருக்குள் மாட்டிக்கொண்டிருக்க, மோட்டார் நின்ற நிலையிலிருந்து எப்படி அதைப் புரட்டும். 'டக்.' மற்ற நாட்களில் மெஷின் ஓடியபிறகுதான் பாரைத் தள்ளுவார்கள்.

ஓடவிட்டுப் பிறகு படையுங்கள் என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் உள்ளங்கை அளவு ஐஸ் துண்டு ஒன்றை வைப்பது என்று முடிவானது. அதன்பிறகு எந்த வெள்ளியும் ட்ரிப் இல்லை. ஆனால் அன்று அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "ஓடறதுக்கு முன்னாடி குட்த்தாதான் நைனா அது படையலு. ஓடினப்பறம் குட்த்தா அது கூலி."

கிறீச்

சனிக்கிழமை விடியற்காலை அரைத் தூக்கத்தில் படுத்திருந்தேன். துறைமுகத்தில் ஏதோ கப்பல் நீளமாக ஒலி எழுப்பியது. பத்தொன்பது வருடமாக அந்த நேரத்துக்கு நான் முழுசாக எழுந்ததில்லை. ஜெசிந்தா எழுந்து போவாள். கட்டிலில் அவள் இடம் கொஞ்சநேரம் சூடாக இருக்கும். பிறகு கீழேயிருந்து மோட்டார் சத்தம் வரும், அதைக் கேட்டபடியே இன்னொரு தூக்கம் போவேன். அன்றைக்கும் மனசுக்குள் அது ஓடியது. அப்போதுதான் கவனித்தேன், மோட்டார் சத்தத்துக்கு முன்னால் ஒரு 'கிறீச்' இருந்தது. பின்னாலும் இருந்தது. முன்னால் வேகமாக, பின்னால் மெதுவாக. கிறீச், கொஞ்சம் இடைவெளி, கிறீச், கொஞ்சம் இடைவெளி, கிறீச். படிக்கட்டுக் கம்பிக் கதவு என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். கதவை யாராவது மூன்று தடவை திறப்பார்களா.

எழுந்து கீழே போனேன். கீழ் வீட்டு ரோசி பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். ஜெசிந்தா ஆஸ்பத்திரியில் இருந்த இரண்டு வாரமும் மோட்டார் போட்டவள் அவள்தான். அப்போது ஒரு தடவைகூட ட்ரிப் ஆகவில்லை. அது என்ன சத்தம் ரோசி என்று கேட்டேன்.

"வால்வுண்ணே" என்றாள். "அக்கா மொதல்ல அத்த மூடிட்டுத்தான் பட்டன அமுக்குவாங்க. அப்புறம் ஒரு சுத்து தொறந்து, காது குடுத்துக் கேப்பாங்க. அப்புறம் இன்னொண்ணு. மூணு சுத்து, அதோட வுட்ருவாங்க. என்னாண்ட குடுக்கும்போது, மூணு சுத்துல வெச்சிருக்கேன், இத்த தொடாத, பட்டன மட்டும் அமுக்குன்னாங்க."

ஆறு மாடிக்குத் தண்ணீர் தள்ளப் பிறந்த பம்பு அது. எங்கள் டேங்கோ இரண்டு மாடிக்கு மேல். உயரம் குறைந்தால் தண்ணீர் கட்டுக்கடங்காமல் பாயும், பாயப் பாய மோட்டாருக்குச் சுமை ஏறும். வால்வைக் குறுக்கினால் சுமை இறங்கும். அடைத்தால்தான் பாரம் என்று நினைத்து, திறந்து கிடந்த வால்வைப் பார்த்து நல்லது என்றவன் நான். எனக்கு மோட்டார் தெரியும். பம்பை அதன் மறுபக்கம் தொங்குகிற சமாசாரமாகத்தான் வைத்திருந்தேன். மாட்டிய முதல் வாரமே ட்ரிப் அடித்ததாம், ரோசிதான் சொன்னாள். ஜெசிந்தாவே நாலு நாள் வால்வைத் திருகித் திருகி, சத்தம் எங்கே இளகுகிறது என்று கேட்டுக் கண்டுபிடித்தாளாம். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். ரோசி கையைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "அவரு அவ்ளோ ஆசையா தூக்கிகினு வந்தாரு ரோசி, இப்ப போய் குத்தம் சொன்னா நல்லாவா இருக்கும்னாங்க."

ஞாயிறு, இரண்டாம் பூசைக்குப் பிறகு

பூசை முடிந்து எட்டு வீடும் படிக்கட்டுக்கடியில் கூடியது. இரும்புக் கடைத் தள்ளுவண்டியும் வந்து வாசலில் நின்றது. நான் வால்வை மூடினேன். பச்சைப் பட்டனில் வெளுத்த இடத்தில் விரல் வைத்தேன். என் விரல் அவள் விரலைவிடப் பெரியது. மோட்டார் கிளம்பியது. ஒரு சுற்று திறந்தேன், கிறீச். காது கொடுத்தேன். இன்னொன்று. மூன்றாவது. யாரோ ஒரு பெண் பத்து வரைக்கும் வாய்விட்டு எண்ணினாள். அப்புறம் இருபது. ஐம்பதில் நிறுத்திவிட்டாள். மேலே டேங்கில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. தள்ளுவண்டிக்காரர் ஒன்றும் கேட்காமல் வண்டியைத் திருப்பினார்.

அப்போது ஃபிரான்சிஸ் தொண்டையைக் கனைத்தான். "அந்தக் கொழாய் வால்வ நாந்தான் தொறந்தேன் மாமு. ஜெசிந்தா சிஸ்டர் காரியத்துக்கு எல்லா வூட்லயும் சொந்தக்காரங்க வந்துகினு இருந்தாங்க. தண்ணி ஜல்தியா ரொம்பட்டும்னு முழுசா தொறந்து வுட்டேன். நீ மோட்டார தொட்டியான்னுதான கேட்ட?" என்றான். அவன் சொன்னது சரி. வீடு வீடாக நான் மோட்டாரைப் பற்றித்தான் கேட்டேன். அவளை வழியனுப்ப வந்தவர்கள் கைகால் கழுவத் தண்ணீர் வேண்டும் என்று திறந்தவனிடம் என்ன கோபப்படுவது. இரண்டு பேரும் ஓடுகிற மோட்டாரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவன் என் பக்கம் திரும்பாமலே சொன்னான்: "ஊர்ல கீற மோட்டாரெல்லாம் காதால கேட்டே சொல்லுவியே மாமு. தெனம் உன் தலமாட்டாண்ட ஓடினத்த ஒரு நாளாவது கேட்டியா?"

ஒரு மோட்டார் ஏன் நிற்கிறது என்று பத்து நிமிடத்தில் சொல்லிவிடுகிற நான், பத்தொன்பது வருடம் ஓடிய ஒன்றைப் பார்த்து அது ஏன் ஓடுகிறது என்று கேட்காமல் விட்டதற்கு, இப்போது தினமும் காலை ஐந்தரை மணிக்கு எழுந்துகொண்டிருக்கிறேன்.